ராக்காயி அக்கா மேட்டில் மூட்டிய தீ

தம்பின் ஊரில் தன் மகன் வீட்டில் ராக்காயி அக்கா காலமாகிவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். எதிர்பார்த்த செய்திதான். மகளோடு கிளம்பிப் போனேன்.

அக்காவின் வாயை அறியாதவர்கள் தோட்டத்து ஆட்களான உங்களில் இருக்க முடியாது. அவரிடம் வசவு வாங்காமல் மலாயாவில் கோலா சாவா ஊர்ப் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் பால்மரம் சீவியதில்லை. எனக்கு அவர் சொந்தமல்ல, தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் பக்கத்து வீடு. ஆனால் நானும் என் மகளும் உயிரோடு இருப்பது அவரால்தான்.

ஜப்பான்காரன் காலம். என் கணவரைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை. ஆற்றோரம் மரவள்ளி நட்டுத்தான் வயிற்றைக் கழுவினோம். ஓர் அடைமழையில் ஆறு லயத்துக்குள் புகுந்தது. ஆளுக்கொரு மூட்டையோடு மேட்டுக்கு ஓடினோம். அக்கா மட்டும் அடுப்புக் கங்குகளை மூடிய சட்டியில் எடுத்து வந்தார். “நெருப்பு போச்சுன்னா யாருகிட்ட போயி கேக்குறது?” என்றார். தீப்பெட்டி கண்ணில் படாத நாட்கள் அவை.

இரண்டு வயது மகள் பசியில் அழுது அழுது குரல் வற்றிப்போனாள். பிடுங்கி வந்த கிழங்கை மென்று ஊட்டப் போனேன். அக்கா என் கையில் ஓங்கி அடித்தார். “கசப்புக் கெழங்குடி! பச்சையா தின்னா புள்ள செத்துரும் லா!” நனைந்த விறகு பிடிக்கவில்லை. ரப்பர் மரங்களின் வெட்டில் வடிந்து காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துவந்து கங்கின்மேல் போட்டார். கரும்புகையோடு பற்றிக்கொண்டது. ரப்பர் பால் எடுக்கும் வாளியில் கிழங்கு வெந்தது. நீரை இறுத்துக் கொட்டிவிட்டு முதல் துண்டை என் மகளுக்குத்தான் கொடுத்தார்.

வெள்ளம் வடியும்வரை நெருப்பைக் காப்பது என் வேலை என்று உத்தரவு. “அணஞ்சிச்சு, தோல உரிச்சிருவேன்!” நானும் பயந்துகொண்டு ஒட்டுப்பால் பொறுக்கிப் போட்டபடியே இருந்தேன்.

ஜப்பான்காரன் போனபிறகு ஒருநாள் கேட்டேன், அத்தனை பேர் இருக்க என்னை ஏன் அந்த வேலையில் போட்டீர்கள் என்று. “யாரு வேணும்னாலும் பாத்திருக்கலாம். நீ புள்ளய இடுப்புல வச்சிக்கிட்டு தண்ணியையே பாத்துக்கிட்டு நின்ன. எனக்கு அது புடிக்கல” என்றார். பிள்ளையோடு அந்த ஆற்றில் இறங்கிவிடலாம் என்று அன்று நினைத்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவுக்கு நான் நன்றி சொன்னதில்லை, சொன்னால் திட்டுவார். இதை எழுதுவது அதற்காகத்தான். துக்கத்தில் இடிந்து உட்கார்ந்தவருக்கு முதலில் ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்பது அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை என் மகளும் எடுத்துக்கொண்டாள் என்று சாவு வீட்டில்தான் தெரிந்தது. அக்காவின் தலைமாட்டில் தேம்பிக்கொண்டிருந்த என்னை எழுப்பி, கையில் கூஜாவைக் கொடுத்தாள்.

“அம்மா, வந்தவங்களுக்குக் கோப்பி ஊத்துங்க.”

ஊற்றினேன்.