நனையாத தட்டு

சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது; திரிந்த பாலைப் போல வெள்ளைத் துணுக்குகள் முழங்கையில் ஒட்டிக்கொள்ளும், கழுவக் கழுவ உடம்பு கரகரக்கும், தலைமுடியில் சீப்பு பாதி வழியிலேயே நின்றுவிடும். புனேயில் நிக்டியைத் தாண்டி அப்போதுதான் எழும்பியிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் என் பதினோராவது வயது அந்தக் கரகரப்போடுதான் கழிந்தது. பக்கெட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். வெள்ளைத் துணியெல்லாம் இரண்டே மாதத்தில் பழுப்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்; அக்கம்பக்கத்தார் அதை மராத்தியில் "போர்ச்ச பாணி" என்பார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்த என் அம்மாவுக்கு அது "உப்புத் தண்ணி". "சிறுவாணி குடிச்சு வளந்த வாயி, இதுல கொப்பளிக்கக்கூட ஆகாது" என்று முகத்தைச் சுளிப்பாள்.

"நல்ல தண்ணி" சமையலறைக் குழாய் ஒன்றில் மட்டும் வரும். அதுவும் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை பத்து மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இடையில், அதன் இஷ்டத்துக்கு ஓர் இருபது நிமிடம். அதற்குள் இரண்டு டிரம்மையும் நிரப்பிவிட்டால் இரண்டு நாள் சமையலும் குடிநீரும் ஓடிவிடும், விட்டால் போச்சு. அதனால் அந்தக் கட்டிடத்தில் எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தே போட்டு, அதன் அடியில் ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். முதலில் குழாய் புஸ்ஸென்று காற்று விடும், பிறகு தட்டு டங் டங்கென்று அடிக்கும், எதிர்வீட்டு ஷோபா காகு, அவர்கள் வழக்கில் ஷோபா சித்தி, "பாணி ஆல!" என்று மாடிக்கே கேட்கும்படி கத்துவாள், அப்புறம் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள், அவரவர் குடம் அவரவருக்கு.

அம்மா வேதியியல் படித்தவள். கல்யாணமாகி புனேக்கு வந்ததிலிருந்து அந்தப் பட்டம் பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கோடையின் தொடக்கத்தில் சிஞ்ச்வட்டில் ஒரு முலாம் பூசும் பட்டறையின் சின்ன லேபில், தொட்டிக் கரைசல்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது. காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை; மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அடேயப்பா, அந்த அம்மாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! விரல் நுனியில் மருந்துக் கறையோடு வருவாள், அதைக் கழுவாமல் முதலில் என்னிடம் நீட்டிக் காட்டுவாள், "இன்னிக்கு நாஞ் சொன்னதுக்கப்புறந்தேன் தொட்டியவே ஓட்டுனாங்க, தெரியுமா கண்ணு" என்பாள். பாட்டு வேறு முணுமுணுப்பாள். அதற்கு முன்பு அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

அப்பா வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. எனக்குப் பள்ளி விடுமுறை. ஆகவே தண்ணீருக்குக் காவல் நான்தான் என்று முடிவாயிற்று. "என்ற தங்கமில்ல, இருவது நிமிசந்தானே சாமி" என்று அம்மா தாடையைப் பிடித்துக் கொஞ்சினாள். அவளுக்கு இருபது நிமிடம், எனக்கு ஐந்து மணி நேரம். யார் தட்டினாலும் கதவைத் திறந்துவிடுவேன் என்ற பயத்தில் வெளியே பூட்டு வேறு போட்டுவிட்டுப் போவாள். மாற்றுச் சாவி ஷோபா காகுவிடம் இருந்தது, அதுவும் ஆபத்துக்கு மட்டும். அந்தப் பூட்டு கொக்கியில் விழுகிற சத்தம் கேட்டதுமே எனக்குத் தாகம் எடுக்கும், ஏனென்று தெரியாது.

கீழே பிள்ளைகள் "லகோரி" ஆடுவார்கள். ஏழு ஓட்டுச் சில்லுகளை அடுக்கிப் பந்தால் அடிக்கிற ஆட்டம். பால்கனி கிரில்லில் முகத்தை அழுத்திக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருப்பேன். "கவிதா, காலி யே நா!" என்று கீழே வரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். என்னை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருக்கும், தலைவலி என்பேன். கதைப் புத்தகமெல்லாம் தீர்ந்துபோனது, தரைச் சதுரங்களை எண்ணி முடித்தேன், கிரில்லின் துருவை நகத்தால் சுரண்டி முடித்தேன். கண்ணுக்கு முன்னால் எப்போதும் அந்தக் குழாய், அந்தத் தட்டு. நான்காவது வாரத்தில் அதைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்தது. அம்மா பாடிக்கொண்டு வருவதும் பிடிக்காமல் போனது, அதுதான் உண்மை.

ஒரு வெள்ளிக்கிழமை, மணி பதினொன்று இருக்கும், குழாய் புஸ்ஸென்றது. நான் எழுந்து போனேன். தட்டின் மேல் ஒரு துளி விழுவதற்குள் குழாயை இறுக்கி மூடினேன். ஏன் மூடினாய் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது. தண்ணீர் பிடிக்க லாயக்கில்லாதவள் என்று ஆகிவிட்டால் என்னை விட்டுவிடுவார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். "பாணி ஆல!" என்று காகு கத்தியபோது தலையணையால் காதைப் பொத்திக்கொண்டேன். ஒன்றரை மணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஐயோ என்று ஓடிக் குழாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை. குளியலறையிலிருந்து உப்புத் தண்ணியைக் குடம் குடமாகச் சுமந்து இரண்டு டிரம்மையும் நிரப்பி மூடிவைத்தேன். பார்வைக்கு இரண்டு தண்ணீரும் ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது!

துவரம்பருப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. எட்டு விசில் வந்தும் பருப்பு முழுசு முழுசாகவே கிடந்தது. "இன்னிக்கு அப்படித்தாம்மா வந்துச்சு" என்றேன். அம்மா எதிர்வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிவந்தாள். இரண்டு ஜாம் பாட்டில்களை எடுத்து, ஒன்றில் காகு வீட்டுத் தண்ணீர், ஒன்றில் எங்கள் டிரம் தண்ணீர், இரண்டிலும் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கி, அடுப்பு மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் கழுத்துவரை நுரை, மற்றதில் வெள்ளைத் துணுக்குகள். லேபில் செய்கிற மாதிரியே செய்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "தூங்கிட்டேம்மா" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. இரண்டு பாட்டிலையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ராத்திரி அப்பாவுக்குச் சோறு போடும்போது, "திங்கக்கெழமையிலிருந்து நான் வேலைக்குப் போகலீங்க" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்று அப்பா மோரை ஊற்றிக்கொண்டார்.

அவ்வளவுதான். நான் கீழே போனேன், விடுமுறை முடியும் மட்டும் லகோரி ஆடினேன். சில்லை அடிக்கக் குறிபார்க்கும்போது சில சமயம் கண் மேலே போகும். அதே கிரில்லுக்குப் பின்னால், நான் நின்ற அதே மூலையில், அம்மா நின்றுகொண்டிருப்பாள். எனக்கு ஆட்டம் கசந்துபோகும், ஆனால் ஒரு நாளும் மேலே போய், "நீ வேலைக்குப் போ, நான் இருக்கேன்" என்று சொன்னதில்லை. அதற்கப்புறம் அவள் எந்த வேலைக்கும் போகவில்லை.

இப்போது நாங்கள் அதே புனேயில் வானவடியில் இருக்கிறோம். அப்பா போனபின் அம்மா என்னோடுதான். லாரித் தண்ணீர், மொட்டைமாடியில் உப்பு நீக்கும் இயந்திரம், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வடிகட்டி, இருபத்து நான்கு மணி நேரமும் குழாயில் தண்ணீர். முலாம் பட்டறை இருந்த இடத்தில் கார் ஷோரூம் வந்துவிட்டது, லகோரி ஆடிய இடம் முழுக்க வண்டி நிறுத்தம். "பாணி ஆல" என்று இன்று யாரும் கத்துவதில்லை. தண்ணீர் நின்றால் போனில் ஒரு செய்தி வரும், வந்தால் இன்னொன்று.

போன மாதம் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவுவதற்காகத் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். துணிக்கடைக்குப் போகலாம் என்று அம்மாவைக் கூப்பிடச் சமையலறைக்குள் போனேன். குழாயைத் திறந்து, அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் தூங்கலம்மா. நான்தான் குழாய மூடுனேன்."

"தெரியுங் கண்ணு" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. "தூங்கியிருந்தா தட்டு நனைஞ்சிருக்கோணுமல்ல? நான் வந்து பாக்கறப்ப ஒணந்து கெடந்துச்சு. ஒரு வருசம் உன்ற மேல ஆத்தரமா இருந்துச்சு. மூஞ்சியவே பாக்கப் புடிக்கல. ஆனா வெளிய பூட்டுனது நாந்தானே, யாரச் சொல்றது?"

"கெளம்பும்மா, சேர்ந்து போலாம். தண்ணி அது பாட்டுக்கு வரும்" என்றேன்.

"நீ போய்ட்டு வா. வர்ற வரைக்கும் யாராவது இருக்கோணும்." பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டாள். "போறப்ப வெளிய பூட்டீட்டுப் போயிரு சாமி. எந்திரிச்சு வந்து தாழ்ப்பாப் போட முடியல."

சாவி என் கையில்தான் இருந்தது. வாசல்வரை போனேன், திரும்பி வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இருவரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து அது புஸ்ஸென்றது. எழுந்து வர முடியவில்லை என்றவள் எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள்.