சம்பந்தியின் கறுப்புப் பெட்டி

அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. சாம்பல் நிற ஸ்பொஞ்சில் ஒரு பிஸ்ரலின் வடிவத்தில் வெட்டிய பள்ளம் மட்டும் இருக்கிறது. பக்கத்தில் இரண்டு பித்தளைப் பூட்டுகள். என் மகளின் மாமனார், அதாவது என் சம்பந்தி, செத்த பிறகு எனக்கு வந்து சேர்ந்த சொத்து இதுதான். மனிதர் இருந்த காலத்தில் எனக்குத் தந்தது ஒரே ஒரு தலையிடி. அதுவும் இந்தப் பெட்டியால்தான் வந்தது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ரொறன்ரோவில் கோப்பை கழுவத் தொடங்கி, லொறி ஓட்டி, பிறகு சொந்தமாக லொறிகள் வாங்கி ஓடவிட்டவன். மார்க்கம் நகரில் நான் இருக்கும் வீட்டை ஒருதரம் வந்து பார்த்தால் மிச்சம் விளங்கும். இந்த நாட்டு வீதிகளைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படிப்பட்ட என்னைத்தான் சம்பந்தி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நடத்தினார்.

அவர் வங்கிகளுக்குக் காசு ஏற்றும் வாகனத்தில் ஆயுதக் காவலாளியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். வேலையில் கொடுத்த துவக்கைத் திருப்பிக் கொடுத்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. லைசென்ஸ் எடுத்து, ஒரு சுடும் கழகத்தில் சேர்ந்து, சொந்தமாக ஒரு பிஸ்ரல் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கடதாசி வட்டத்தைச் சுட்டுவிட்டு வருவார். எங்கள் ஆட்களில் இப்படி ஒரு பொழுதுபோக்கு உள்ளவரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. துவக்கைக் கண்டு ஓடி வந்த சனம் நாங்கள். இவர் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார்.

சில வருசங்களுக்கு முன் அவர் மொன்றியலில் இருக்கும் மூத்த மகளோடு போய் இருக்க முடிவெடுத்தார். கண்ணில் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் அவரால் கார் ஓட்ட முடியாது. "நான் கொண்டுபோய் விடுறன் சம்பந்தி" என்று நான்தான் வாய் கொடுத்தேன். அதில் எனக்கும் ஒரு காரியம் இருந்தது. கிங்ஸ்ரனில் என் அக்கா இருக்கிறாள். அவளுடைய மகளின் கலியாண அழைப்பிதழில் என் பெயரை எங்கோ கடைசியில் போட்டதில் தொடங்கிய கோபம், பல வருசமாக நாங்கள் கதைப்பதில்லை. மொன்றியலுக்குப் போகும் வழிதானே, போகிற போக்கில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவளும் மனம் இளகி, "மத்தியானம் சாப்பிட வரட்டும்" என்றாள். ஸ்காபரோவிலிருந்து நண்டு எடுப்பித்திருந்தாள்.

என் புது வண்டியைக் கழுவி மினுக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்தினேன். மனிதர் அதைச் சுற்றி வந்து பின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "உது சரிவராது. உள்ளுக்கு இருக்கிறது வெளியில தெரியும். என்ர காரில போவம், டிக்கி இருக்கு" என்றார். அவருடைய பழைய காரின் சீற்றில் என் முதுகு படாத பாடு பட்டது. டிக்கியில் குண்டு இல்லாத பிஸ்ரல், அதன் விசைக்கு ஒரு பூட்டு, அதை வைத்த பெட்டிக்கு இரண்டு பூட்டு, குண்டுகள் வேறொரு பெட்டியில். இதற்கென்று எடுத்த அனுமதிப் பத்திரம் சட்டைப் பையில். ஒன்ராறியோவிலிருந்து கியூபெக்குக்கு நான் எத்தனையோ சாமான் ஏற்றியிருக்கிறேன். ஒரு சாமானுக்கும் இவ்வளவு சீர்வரிசை நடந்ததில்லை. காருக்கு எண்ணெய் அடிக்க நின்ற இடத்தில் இருவரும் ஒன்றாக இறங்க விடவில்லை. முதலில் நான் போய் ஒண்டுக்கு இருந்துவிட்டு வரவேண்டும், பிறகு அவர்.

கிங்ஸ்ரன் நெருங்க, "இதில வெளியால எடுத்தால் பத்து நிமிசம் சம்பந்தி. அக்கா பாத்துக்கொண்டிருப்பா" என்றேன்.

"ஏலாது. நேர் வழியால போகோணும் எண்டுதான் அனுமதி தந்தவங்கள்."

"சாப்பிடுறதும் வழியிலதானே?"

"ரெஸ்ரோரன்ற் வழியில. உங்கட அக்கா வீடு வழியில இல்லை."

அப்போது பார்த்துப் போன் அடித்தது. அக்கா. "எங்கையடா நிக்கிறாய்? சோறு வடிச்சிட்டன்" என்றாள். எத்தனை வருசத்துக்குப் பிறகு கேட்ட குரல். நான் வாயைத் திறக்க முதல் சம்பந்தி கையை ஆட்டினார். காரில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது, அது அவருடைய கொள்கை. "அக்கா, இப்ப வர ஏலாது. திரும்பி வரேக்குள்ள வாறன்" என்றேன். ஏன் என்று கேட்டாள். "சொல்ல ஏலாது" என்றேன். போன் வைத்த சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. கிங்ஸ்ரனுக்குத் திரும்பும் வழியும் பக்கத்தால் போய்விட்டது. பத்து நிமிசம் விலகினால் சட்டம் உடையுமா என்று பிறகு ஒரு வக்கீலிடமும் கேட்டேன். "அது பல விசயத்தைப் பொறுத்தது" என்றான். படித்தவனிடம் கேட்டால் இதுதான்.

மறுநாள் அவருடைய காரிலேயே தனியாகத் திரும்பி வரும்போது அக்கா வீட்டில் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். "துவக்கோ? உன்ர சம்பந்தியோ? அந்த மனிசன் சாமி அறையில விளக்கேத்தப் பயப்படும் போல இருக்கு. உன்ர புளுகுக்கு ஒரு அளவு வேண்டாமே?" என்று சாத்திவிட்டாள். நான் உழைத்துச் சொத்துச் சேர்த்த கதைகளை இந்த ஊர்ச் சனம் புளுகு என்றுதான் சொல்லும், அது பொறாமை. ஆனால் வாழ்க்கையில் ஒரு சொல்லும் கூட்டாமல் நான் சொன்ன கதை இது. வாசலில் நின்றே சம்பந்திக்குப் போன் எடுத்தேன். "அக்காவுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்று கெஞ்சினேன், நான்! "வீட்டில துவக்கு இருக்கெண்டு ஆருக்கும் சொல்லுறதில்லை சம்பந்தி. குறை நினையாதையுங்கோ" என்றார். சாகும்வரை சொல்லவில்லை. நாலு கொண்டாட்டத்தில் அக்காவும் அவரும் ஒரே மண்டபத்தில் இருந்தார்கள். அவர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

போன மாரிக் குளிரில் அவர் போய்விட்டார். இப்போதைய சட்டத்தில் பிஸ்ரலை மகன் பெயருக்கும் மாற்ற முடியாதாம். பொலிஸ்காரர் வந்து தங்கள் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அவ்வளவு பூட்டிக் காத்த சாமான், இரண்டு நிமிசத்தில் முடிந்தது. பெட்டி மட்டும் கிடந்தது. நான் கேட்டு வாங்கினேன்.

போன சனிக்கிழமை என் சொந்த வண்டியில் கிங்ஸ்ரனுக்குப் புறப்பட்டேன். வெறும் பெட்டிதான். என்றாலும் இரண்டு பூட்டையும் போட்டு, பின்னால் வைத்து, மேலே ஒரு போர்வையும் போட்டேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். எண்ணெய் அடித்த இடத்தில் இறங்கிப் போகவும் மனம் வரவில்லை, அடக்கிக்கொண்டே ஓடினேன். இந்த முறை கிங்ஸ்ரன் வழி வந்ததும் திரும்பினேன்.

அக்காவுக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. வாசற்படியில் வைத்துப் பூட்டைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தாள். ஸ்பொஞ்சில் இருந்த பள்ளத்தில் விரலை விட்டு, பிடியிலிருந்து குழல் முனைவரை தடவினாள். இனிச் சொல்லுவாள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"பெட்டியை ஆரும் காசு குடுத்து வாங்கலாமடா" என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. குசினியில் சட்டி இழுபடும் சத்தம் கேட்டது. நான் அந்த வெறும் பெட்டியை, பழக்க தோசத்தில், மறுபடி பூட்டிக்கொண்டு நின்றேன்.