பத்திரத்தில் எழுதாத உயிர்

திங்கட்கிழமைதோறும் பிளாஸ் கெல்லி மாளிகையிலிருந்து ஓர் ஆள் குதிரையில் வந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று, அன்னெஸ்டின் புகைபோக்கியைப் பார்க்கிறான். புகை வந்தால் திரும்பிப் போய்விடுவான். ஒரு கிழவி செத்தாளா இல்லையா என்று பார்ப்பதற்காகவே ஓர் ஆளுக்குச் சோறும் ஒரு குதிரைக்குத் தீனியும் போடுகிற குடும்பம் அது. அவர்களுக்கு நான் ஒன்பது வருடம் கடிதம் எழுதினேன், வந்த கடிதங்களைப் படித்துச் சொன்னேன்.

எங்கள் மலைப்பக்கத்தில் பண்ணையை வருடக் கணக்கில் எழுதித் தருவதில்லை, உயிர்க் கணக்கில்தான் எழுதுவார்கள். மூன்று பேர் பெயரைப் பத்திரத்தில் போடுவார்கள். அந்த மூவரில் ஒருவர் மூச்சு விடுகிற வரைக்கும் நிலம் குடியானவனுடையது. மூன்றாவது ஆளும் போய்விட்டால் மறுநாளே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அன்னெஸ்ட் ஏழு மாதத்தில் பிறந்தவள். அவள் பிறந்த பத்தாம் நாள் அவள் அப்பா ரிதெர்க், கே கோக் பண்ணைக்குப் பத்திரம் எழுத காரியஸ்தரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். முதல் பெயர் ரிதெர்க். இரண்டாவது பெயர் எட்டு வயது மூத்த மகன் கிரிஃபித். மூன்றாவதாகக் கடைக்குட்டியைப் போடுவதுதான் வழக்கம், அதுதானே அதிக நாள் வாழும். காரியஸ்தர் அடுப்போரம் கம்பளிக் கூடையில் கிடந்த பிள்ளையை எட்டிப் பார்த்தார்.

"இது ஞாயித்துக்கிழமை தாண்டாதுய்யா. பத்திரத்தை வீணாக்காதே."

ரிதெர்க் தலையாட்டினார். மூன்றாவது உயிராக இரண்டு வயது மோரிஸ் பெயர் ஏறியது. அந்த வீட்டில் இதை ஒரு வேடிக்கைக் கதையாக வருடா வருடம் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தாண்டியது. பத்திரத்தில் இருந்த உயிர்கள்தான் நிற்கவில்லை. அப்பா கரி ஏற்றிய சறுக்குவண்டியில் மாட்டிச் செத்தார். கிரிஃபித்தைப் பெரியம்மை கொண்டுபோனது. மோரிஸ், பெரிய வீட்டின் இளையவர் ஹியூவுக்கு வேலையாளாக அவரோடு கடல் தாண்டிப் போருக்குப் போனான். மீதி இருந்தவள் அன்னெஸ்ட். கல்யாணம் பேச வந்தவர்கள் எல்லாம் முதலில் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டார்கள், கேட்டுவிட்டு மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

முப்பது ஏக்கர் சரிவு நிலத்தை அவள் ஒருத்தியே நடத்தினாள். உழும்போது எருதுகளுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே பாட வேண்டும், அப்போதுதான் அவை சீராக இழுக்கும். அது ஆண்கள் செய்கிற வேலை. கூலிக்கு வந்த பாட்டுக்காரன் பாதியில் ஓடிப்போக, அவளே முன்னால் நின்றாள். அவளுக்குப் பாட்டு வராது. எருதுகளின் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தாள். பாட்டைக் காட்டிலும் அந்தத் திட்டுக்கு அவை நன்றாக உழுதன.

இனி என் கதைக்கு வருகிறேன், வராமல் முடியாது.

அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பிளாஸ் கெல்லி எஜமானி மார்ஸ்லி அம்மாளின் பிறந்த வீட்டுச் சொத்து. கணவர் போன பிறகும் முத்திரையை அவர் யார் கையிலும் தரவில்லை. ஆனால் கண்பார்வை மங்கியதால் எல்லாக் காரியத்தையும் மூத்த மகன் ரிஷார்ட் பார்த்தார், அவருக்கு எழுத்து வேலை நான் பார்த்தேன். இளைய மகன் ஹியூவிடமிருந்து வருடத்துக்கு ஒரு கடிதம் வரும். முதல் கடிதத்தை நான் ரிஷார்டுக்குப் படித்துக் காட்டியதும் அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மாகிட்ட சொல்ல வேணாம். மனசு கலங்குவாங்க. கட்டி உள்ள வை."

மனசு கலங்குவாங்களாம்! பிறந்த வீட்டு நிலத்தை அம்மாள் ஹியூவுக்கு எழுதிவிடுவாரோ என்பதுதான் அவர் கலக்கம். இளையவன் தாயை மறந்துவிட்டான் என்று வருடம் வருடமாக அந்தக் கிழவியை நம்ப வைத்தார். பிறகு செத்துவிட்டான் என்றே சொல்லி, கோயில் சுவரில் ஹியூவின் பெயர் வெட்டிய கல்லையும் பதித்தார். அந்தக் கல்லுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான். உயிரோடு இருக்கிறவருக்கு நல்ல நடையில் இரங்கல் எழுதினேன், பாராட்டுகூடக் கிடைத்தது.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரே வரி இருக்கும்: 'என் ஆள் மோரிஸ் நலம். தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கச் சொல்கிறான்.' கம்பளிக் கூடைக் கதையைக் கேட்டு வளர்ந்தவன், வேறு எப்படிக் கேட்பான்?

கடல் கடந்து போனவனைப் பற்றி ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லையென்றால் அவனைச் செத்தவனாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. கல்லைப் பதித்த கையோடு ரிஷார்டின் கண் கே கோக் மேல் விழுந்தது. நிலத் தகராறுகளைத் தீர்க்க மாளிகையில் அடுத்து கூடுகிற பண்ணை நீதிமன்றத்தில் மோரிஸ் உயிரோடிருப்பதைக் காட்டு, இல்லாவிட்டால் வெளியேறு என்று அன்னெஸ்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

அவள் நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏம்ப்பா இத்தெல், எங்க அண்ணனைப் பத்தி ஒரு வரியாவது வந்துச்சா?"

"வரலையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சின்னய்யா கடுதாசில ஒரு ஓரத்துல?"

"சின்னய்யாதான் போயிட்டாரே, எங்கேருந்து கடுதாசி?"

வாயில் ஓட்ஸ் ரொட்டியை வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரொட்டியை மென்னு முழுங்குப்பா, தொண்டையில நிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நிற்கத்தான் செய்தது.

என்னை நம்பாதவள் பெகியிடம் போனாள். பாலா ஊரிலிருந்து கூடையில் கடிதம் சுமந்து வருகிறவள் பெகி. எழுத்து தெரியாது. அவளிடம் அன்னெஸ்ட் என்ன கேட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நீதிமன்றத்தன்றுதான் தெரிந்தது.

அது பெரிய கூடத்தில், காலை நேரத்தில் நடந்தது. நிலம் அம்மாளுடையது என்பதால் நாற்காலியில் மார்ஸ்லி அம்மாள் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தார். ரிஷார்ட் பக்கத்தில் நின்று பேசினார்.

"ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு. சட்டம் தெளிவா இருக்கு. என் தம்பிக்கே கல்லு வெச்சாச்சு. எஜமானே போனப்புறம் ஆளு மட்டும் எங்க இருப்பான்?"

அன்னெஸ்ட் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. சேறு காயாத மரச்செருப்போடு அம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, உங்க அப்பாவோட கொக்கு பொறிச்ச மோதிரம் இப்ப யாருகிட்ட இருக்கு?"

"ஹியூ கையில. நான்தான் போட்டு அனுப்பினேன். அவனோட அதுவும் மண்ணுக்குள்ள போயிருக்கும்."

"மண்ணுக்குள்ள போன மோதிரம், வருஷா வருஷம் அரக்குல குத்திக்கிட்டு இந்த வீட்டுக்கு எப்படிம்மா வருது?"

பின்னாலிருந்து பெகி எழுந்தாள்.

"நான்தாம்மா கொண்டாந்தேன். எனக்கு எழுத்து தெரியாது. கொக்கு தெரியும். கடல் தாண்டி வர்ற கடுதாசி, செவப்பு அரக்கு. இதோ இவரு கையிலதான் குடுத்தேன்."

அவள் விரல் என்னைக் காட்டியது.

"கூடை தூக்குறவ பேச்செல்லாம் ஒரு சாட்சியா?" என்று ரிஷார்ட் சிரிக்கப் பார்த்தார்.

"நீ உக்காரு," என்றார் அம்மாள் மகனிடம். "இத்தெல், வேதப் புத்தகத்து மேல கை வை. எம்புள்ளகிட்டேருந்து கடுதாசி வந்துச்சா?"

மனசாட்சி விழித்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பயம்தான் ஐயா. ரிஷார்டிடம் இருந்த பயத்தைவிடக் கையடியில் கிடந்த புத்தகத்திடம் பயம் ஒரு இழை அதிகமாக இருந்தது.

"ஏழு கடுதாசிம்மா. மேல் அறைப் பெட்டியில இருக்கு, நீல நாடா கட்டி."

எரிக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு இந்த ஆட்களைத் தெரியாது. கூடப் பிறந்தவனை உயிரோடு புதைப்பார்கள், ஒரு துண்டுக் காகிதத்தை எரிக்க மாட்டார்கள். நாளைக்கு எந்த வழக்குக்கு எது உதவுமோ என்று எல்லாவற்றையும் கட்டி வைப்பார்கள்.

ஏழு கடிதத்தையும் அம்மாள் என்னை நிற்க வைத்தே படிக்கச் சொன்னார். கடைசிக் கடிதம் ஐந்து மாதத்துக்கு முந்தியது. ஒவ்வொன்றிலும் ஹியூ, 'அம்மா ஏன் பதில் எழுதவில்லை, என்ன தப்பு செய்தேன்' என்று கேட்டிருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் மோரிஸ் தன் தங்கையை விசாரித்திருந்தான். அம்மாள் அழவில்லை. மூத்த மகன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கோயில்ல அந்தக் கல்லை எடுக்க வேணாம். பேரை மட்டும் மாத்திடுங்க."

ரிஷார்ட் எழுந்து வெளியே போனார். செருப்புச் சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது.

"பண்ணை உன்னுதுதாம்மா," என்றார் அம்மாள், அன்னெஸ்டிடம். "உங்கண்ணன் இருக்கற வரைக்கும் யாரும் தொட முடியாது."

"அவன் சண்டையில இருக்கான். நாளைக்கே ஒரு குண்டு பட்டா? புதுசா எழுதிக் குடுங்கம்மா, இப்பவே."

அம்மாள் காரியஸ்தரைக் கூப்பிட்டார். பழைய காரியஸ்தரின் மகன்தான் அவர். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு மூன்று பெயர் கேட்டார்.

"முதல் பேரு அன்னெஸ்ட்."

"உனக்கு நாப்பத்து நாலு வயசாச்சு. சொந்தத்துல சின்னப் புள்ளைங்க யாராவது…"

"உங்கப்பன் எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் கணக்குப் போட்டான். அவன் எங்கே இப்ப? எழுதுய்யா!"

எழுதினார். இரண்டாவது மோரிஸ். மூன்றாவது யார் என்று கேட்டதும் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இவன் பேரைப் போடு. வாய் கூசாம பொய் சொன்னான்ல. இனிமே எனக்காக உசுரோட கெடக்கட்டும்."

கூடமே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கே மோரிஸுக்குப் பதில் எழுத என்னை உட்கார வைத்தாள். நான் எழுதியதிலேயே சின்னக் கடிதம் அதுதான்: 'உயிரோடுதான் இருக்கிறேன். நீயும் செத்துத் தொலைக்காதே.'

அம்மாள் இருந்த வரைக்கும் நல்லபடியாக நடந்தது. ஹியூ திரும்பி வரும் வழியில் காய்ச்சலில் போனார், மோரிஸும் அதே கப்பலில். அம்மாளும் போனபின் எல்லாம் ரிஷார்டுக்கே வந்தது. முதல் வாரமே என்னைத் துரத்தினார். கல்லில் பெயரை யாரும் மாற்றவில்லை. இப்போது ரிஷார்டும் இல்லை, அவர் மகன் இருக்கிறான். புகை பார்க்க ஆள் அனுப்புவது அவன்தான்.

புதுப் பத்திரம் எழுதி முப்பத்திரண்டு வருடம் ஆகிறது, இப்போது கே கோக் பண்ணை எங்கள் இரண்டு உயிரில் நிற்கிறது. அவளுக்கு எழுபத்தாறு வயது, எனக்கு அறுபத்திரண்டு. அவள் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் நான் இருக்கிறேன். போன குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டேன். பாதிரியாரைக் கூப்பிடச் சொன்னேன். அவள் லீக் கீரைக் கஞ்சிச் சட்டியோடு வந்து கட்டிலை உதைத்தாள்.

"யாரைக் கேட்டுச் சாகப் பாக்கறே? எழுந்திருடா!"

எழுந்தேன். அவளை மறுத்துப் பேச எனக்கு வாய் ஏது.

இன்று திங்கட்கிழமை. ஆள் வந்து ஓடைக்கு அந்தப் பக்கம் குதிரையில் நிற்கிறான். அன்னெஸ்ட் வேண்டுமென்றே அடுப்பில் எரிக்க வெட்டி வைத்த புல்மண் கட்டியை ஈரத்தோடு போட்டிருக்கிறாள், புகை கறுப்பாகப் பள்ளத்தாக்கு முழுக்கப் படர்கிறது. அது போதாதென்று என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து நிறுத்தி, எருதுகளைத் திட்டிய அதே தொண்டையில் கத்துகிறாள்.

"ரெண்டு பேரும் உசுரோடதான் இருக்கோம். போய்ச் சொல்லு அவன்கிட்ட!"

வாயை மூடிக்கொண்டு நின்ற என் விலாவில் ஒரு இடி விழுகிறது.

"நீயும் சொல்லுடா."

சொன்னேன்.