தலைமாட்டுப் பக்கம் வடக்கு

எங்க வீட்டுக்காரருக்குக் கழுத்துப் பிடிச்சுக்கிட்டது புது லயத்துக்குக் குடி வந்த பிறகுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள்ல மலாயாவுல பத்து காஜாங்கிற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல ரெண்டு பேரும் மரம் சீவிக்கிட்டு இருந்தோம். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகல. பழைய லயத்துல, அதான் கூலிக்காரங்க வரிசை வீட்டுல, மண் தரையில பாயைப் போட்டுக் கெடந்தோம். புது லயத்துல அறைக்கு அறை பலகைக் கட்டில், அதுவும் அசைக்க முடியாம தூணோட சேத்து ஆணி அடிச்சது. ஒரு சீனத் தச்சன் வந்து போட்டுட்டுப் போனான். எங்களுக்கு ஒரே பெருமை.

பெருமை பத்து நாள் தாங்கல. காலையில எந்திரிச்சா தலை கனக்கும், கண்ணு ரெண்டும் உப்பிக் கெடக்கும். எனக்குப் பகல் ஏற ஏற விட்டுரும். அவருக்கு விடாது. தலை கீழ இறங்குற மாதிரி இருக்குன்னு ஒரு ரப்பர் கட்டையில சாக்கைச் சுத்தித் தலைக்கு வச்சுக்கிட்டாரு. அதுல கழுத்தும் போச்சு. திரும்பிப் பாக்கணும்னா மாடு மாதிரி மொத்த உடம்பும் திரும்பணும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர்கிட்ட போனோம். அவரு காய்ச்சலுக்குக் குடுக்குற கொய்னா குடுத்தாரு. அவரு எதுக்குத்தான் கொய்னா குடுக்கல! கால்ல முள்ளு குத்தினாலும் கொய்னாதான்.

பக்கத்து அறை அக்கா வீட்டுலயும் இதே கதை. அந்த அக்கா எனக்குக் கூடப் பொறக்காத பொறப்பு. உப்புப் புளி மொதக்கொண்டு எங்களுக்குள்ள பொது. அவங்க வீட்டுக்காரரும் கழுத்தைக் கையில பிடிச்சுக்கிட்டேதான் விடியக்காலை ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு வருவாரு, பேர் கூப்பிட்டா தலையாட்டக்கூட முடியாம நிப்பாரு.

சிரிக்கிற விசயம் இல்ல இது. அந்த வருசம் பால் வடிய பட்டையைச் சீவுற வெட்டுக் கோடு முழங்கால் உயரத்துல இருந்துச்சு. குனிஞ்சு, தலையைச் சாச்சுப் பாத்துத்தான் கத்தியை இழுக்கணும். கழுத்து மடங்கலன்னா கத்தி ஆழமா இறங்கி மரத்துல காயம் பட்டுரும். கணக்கெழுதுற கிராணி வந்து ஒவ்வொரு காயத்துக்கும் சுண்ணாம்புப் புள்ளி வைப்பாரு. எங்க வீட்டுக்காரருக்கு விட்ட மர வரிசை, அதான் நிரை, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆயிருச்சு.

கங்காணி ஒருநாள் லயத்துக்கே வந்துட்டாரு. கள்ளு குடிச்சுட்டு மரத்தைக் கொத்துறானுங்கன்னு ஏசுனாரு. எங்க வீட்டுக்காரர் கள்ளைத் தொட்டதே இல்ல. சம்பள நாளைக்குள்ள எவன் நிரையில காயம் அதிகமோ அவனை சுங்காய் பக்கம் புதுசா காடு வெட்டுற எடத்துக்கு அனுப்பிருவேன்னாரு. அங்க பொம்பளைங்களுக்கு எடம் கிடையாது. காய்ச்சல்ல போனவங்கதான் அதிகம், திரும்பி வந்தவங்க கொறைச்சல்.

அடுத்த ஞாயித்துக்கெழமை மூட்டைப்பூச்சிக்குக் கொதிக்கிற தண்ணியைப் பலகையில ஊத்துனேன். பின் சுவத்தோரம் ஊத்துன தண்ணி அத்தனையும் வாசப் பக்கம் ஓடி வந்துச்சு. மறுபடியும் ஊத்துனேன். மறுபடியும் ஓடி வந்துச்சு. அப்பத்தான் குனிஞ்சு பாத்தேன். பின் சுவத்துப் பக்கம் நாலு விரக்கடை உயரம். தச்சன் அதைத் தலைமாடுன்னு நெனைச்சுத்தான் போட்டிருக்கான். ஆனா அது வடக்கு. வடக்க தலை வைக்க நம்ம சனம் சம்மதிக்குமா? குடி வந்த அன்னைக்கே லயம் முழுக்க வாசப் பக்கம் தலையைத் திருப்பிப் படுத்துருச்சு. காலு மேட்டுல, தலை பள்ளத்துல, மாசக் கணக்கா.

பலகை காஞ்சதும் சுவத்துப் பக்கம் தலையை வச்சு மத்தியானம் கொஞ்சம் படுத்தேன். நல்லாத் தூங்கிட்டேன் போல. வெறகுக்குப் போய்ட்டு வந்த மனுசன் என்னைப் பாத்துட்டு உலுக்கி எழுப்புனாரு. அவரு அப்படிக் கத்தி நான் கேட்டதில்ல.

"எனக்கு முன்னாடி போய்ச் சேந்துரலாம்னு பாக்குறியா?"

எனக்கும் வந்துச்சே கோவம். "நீங்க சுங்காய்க்குப் போனப்புறம் நான் மட்டும் தெக்க தலை வச்சு என்னத்தைக் காணப்போறேன்?"ன்னு கேட்டேன்.

அவரு வெறகை அடுக்கப் போய்ட்டாரு. மறுநாள் பெரட்டு மணிக்கு நான் கண்ணு முழிச்சப்ப அவரு தலை என் தலைக்குப் பக்கத்துல, சுவத்தோரமா இருந்துச்சு. சாக்குக் கட்டையைக் காணோம், அடுப்புல போட்டுட்டாரு. யாருகிட்டயும் மூச்சு விடாதன்னு மட்டும் சொன்னாரு. லயத்துல ஒரு கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் இவங்க வடக்க தலை வச்சதாலதான்னு நம்ம தலையில கட்டிருவாங்கன்னு அவருக்குப் பயம். எனக்கும் பயந்தான். பகல்ல பாயைச் சுருட்டி வாசப் பக்கமே வச்சேன், பாக்குறவங்க பாக்கட்டும்னு.

நாலஞ்சு நாள்ல கழுத்து எளகிருச்சு. புதுக் காயம் ஒண்ணுகூட இல்ல. சம்பள நாள் வந்துச்சு. கிராணி புள்ளியை எல்லாம் எண்ணுனாரு. எங்க நிரையை விட அதிகம்னு, பக்கத்து அறை அக்கா வீட்டுக்காரர் பேரைக் கங்காணி சொன்னாரு.

அவரு மாட்டு வண்டியில ஏறுறப்பவும் கழுத்தைத் திருப்ப முடியாம, நேரா பாத்துக்கிட்டே போனாரு. அக்கா ரோட்டு வரைக்கும் பின்னாலயே போய்ட்டு வந்தாங்க. வந்து அறைக்குள்ள ஒக்காந்ததும் என்னால தாங்க முடியல. பலகையைக் காட்டி எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஏசுவாங்க, அடிப்பாங்கன்னு பாத்தேன். அடிச்சிருந்தா தேவலை.

அக்கா பலகையை ஒரு தடவை கையால தடவிப் பாத்தாங்க.

"அவரு போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்லா"ன்னாங்க.