அடுத்தவர் பந்து

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நாங்கள் நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். குளிர்காலம்தோறும் வந்து தங்கும் ஒரு வெளிநாட்டுப் பெண், ஊர் திரும்பும்போது தன் கோல்ஃப் மட்டைகளை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். தியானத்துக்கு வந்தவளுக்கு அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. அப்படிப் பிடித்த பைத்தியம்தான் இது. கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வேர்க்கடலை பிடுங்கி முடித்த நிலத்தில் பழகினேன். பந்தை விட மண்தான் அதிகம் பறந்தது. அப்புறம் சென்னையில் ஒரு கிளப்பில் சேர்ந்து, முடிந்தபோதெல்லாம் முதல் பஸ் பிடித்துப் போய் ஆடினேன்.

பெண்கள் அமெச்சூர் போட்டியில் இரண்டு வருஷம் கலந்துகொண்டு, இரண்டு வருஷமும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினேன். மூன்றாம் தடவை கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "ஒரு ஆட்டமாச்சும் ஜெயிச்சிட்டு வா. நீ இல்லன்னா காபி கேட்டு கெஸ்ட்டுங்க என் உயிரை எடுக்கறாங்க" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்கு வேண்டியது அதுதான். கோப்பைக்கெல்லாம் நான் ஆசைப்படவில்லை. ஒரே ஒரு ஆட்டம்.

எனக்கு எதிராக ஆடியவர் அறுபதை நெருங்கும் சென்னை அம்மா. முழங்காலில் பட்டை போட்டிருந்தார். குனியும்போதெல்லாம் முகம் சுளிப்பார், ஆனால் அடி மட்டும் பிசகாது. ஒரு குழி அவருக்கு, ஒரு குழி எனக்கு என்று போய், கடைசிக் குழிக்கு வரும்போது சமமாக நின்றோம். அதைக் குறைந்த அடியில் முடிப்பவருக்கே ஆட்டம்.

அதிலும் ஒரே எண்ணிக்கையில் குழியருகே வந்து சேர்ந்தோம். என் பந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது, கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். அவருடையது ஒரு கட்டில் நீளத்துக்கு அப்பால், அதுவும் சரிவில். அவர் தவறவிட்டால் ஆட்டம் எனக்கு.

முந்தின நாள் மழை. அவர் பந்தில் சேறு ஒட்டியிருந்தது. அடையாளத்துக்கு ஒரு காசை வைத்துவிட்டுப் பந்தை எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். அவர் குனியப் பார்த்தார், முடியவில்லை. எங்கள் அறைகளில் தங்குகிறவர்கள் கையிலிருந்து எது நழுவினாலும், அவர்கள் குனியும் முன் நான் எடுத்துவிடுவேன். பல வருஷப் பிழைப்பு, கை யோசிப்பதில்லை. "இருங்க மேடம்" என்று என் காசை வைத்து, பந்தை எடுத்து, என் துண்டிலேயே துடைத்து அவரிடம் நீட்டினேன்.

கூட நின்ற ரெஃப்ரி கையைத் தூக்கினார். எதிராளியின் பந்தை அவர் கேட்காமல் எடுத்தால் ஓர் அடி பெனால்டி, என் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும். அந்த விதி எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

"நீங்க எடுக்கச் சொன்னீங்களா மேடம்?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் என்னைப் பார்த்தார். "இல்லைங்க, நான் கேக்கல" என்றார்.

அது உண்மைதான். உண்மை என்பதற்காக எனக்குக் கோபம் குறையவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

இனி அவர் போட்டுவிட்டால் ஆட்டம் அவருக்கு. நிதானமாகத் தட்டினார். பந்து சரிவில் வளைந்து போய்க் குழிக்குள் விழுந்தது.

கை குலுக்கினோம். "மனசுல வச்சுக்காதம்மா" என்றார். அவர் பந்து குழிக்குள்ளேயே கிடந்தது. அதை எடுக்க அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தயங்கியதைப் பார்த்ததும் நான் குனிந்துவிட்டேன். பாதியில் சுரீர் என்று உறைக்க, கையை இழுத்துக்கொண்டு ரெஃப்ரியைப் பார்த்தேன்.

"எடுங்கம்மா, இப்ப எடுக்கலாம். ஆட்டம் முடிஞ்சிடுச்சு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போது வந்துவிட்டது.