பூட்டிய வீட்டில் செங்கமலத்தின் குரல்

செங்கமலத்துக்கு வாய் நீளம். ஒரகடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் அந்தத் தெருவில் இதைச் சொல்லாத ஆளில்லை. தண்ணீர் லாரி வந்தாலும் அவள்தான் கத்துவாள், கம்பெனி பஸ் கிளம்பினாலும் அவள்தான் கத்துவாள், வேலியோரம் ஒரு சாரைப்பாம்பு போனாலும் அவள்தான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, பதில் சொல்ல ஆளில்லாத வீட்டில் பாத்திரங்களைத் திட்டிக்கொண்டே காலம் தள்ளினாள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய சிறப்புக் குழந்தைகள் மையத்தில் உதவியாளர் வேலை கிடைத்ததும்தான் அந்த வாய்க்கு ஒரு வழி பிறந்தது.

மையத்துக்கு வரும் பூஜா, செங்கமலத்தின் அடுத்த வீட்டுப் பிள்ளை. பதினோரு வயது. மூளை முடக்குவாதம், கைகால் சொன்னபடி கேட்காது, பேச்சு வராது. ஆனால் நடப்பது ஒன்று விடாமல் புரியும். யாரையாவது கிண்டல் செய்தால் முதலில் சிரிப்பவள் அவள்தான். அவளுக்காகப் பேச ஒரு டேப்லெட் வந்தது; டேப் என்பார்கள். திரையில் இருக்கும் படத்தைத் தொட்டால் அது பேசும். "எனக்குப் பசியாக உள்ளது" என்று செய்தி வாசிப்பவர் மாதிரி ஒரு ஆண்குரல். பூஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எந்தப் பிள்ளைதான் அப்படிப் பேசும்?

சிறப்பாசிரியர் பிரவீனா, செங்கமலத்தைப் பிடித்தாள்.

"அக்கா, உங்க குரல்னா அவளுக்கு உசுரு. நீங்க பேசுங்க, நான் ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்."

"என் குரலா? இத்த தெருவுல ஒருத்தரும் சகிக்க மாட்றாங்க டீச்சர்."

சொன்னாளே தவிர, உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். ஸ்டோர் ரூமில் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசினாள். பசிக்குது. வேணாம். தண்ணி குடு. போதும். சும்மா இரு. கடைசியாக, யாராச்சும் வாங்களேன். ஆபத்தில் கூப்பிடுவது போலச் சொல்லச் சொன்னாள் பிரவீனா. செங்கமலத்துக்கு அது மட்டும் வரவில்லை. தண்ணீர் லாரிக்கு ஆள் கூப்பிடும் இழுப்புதான் வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டு அதையே வைத்தார்கள்.

கொஞ்ச நாள் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் தன் குரல் "போதும்" என்றது. விளக்குமாறு கையில் அப்படியே நின்றது. அவளுக்குத் தொண்டை கட்டியிருந்த வாரத்தில்கூட அது கட்டாமல் பேசியது. நான் செத்தாலும் இது பேசுமே என்று தோன்றிய அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குரலை மாற்றிவிடச் சொல்லி டீச்சரிடம் கேட்கப் போனாள். அங்கே பூஜா அதே குரலில் பக்கத்துப் பையனை "சும்மா இரு" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். செங்கமலம் கேட்காமலேயே திரும்பிவிட்டாள்.

மே மாதம், மையத்துக்கு விடுமுறை. பூஜாவின் அப்பா லாரியோடு வெளியூரில். அம்மா மாரிசெல்வி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். உதிரிபாகக் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்பவள். பிள்ளையைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, டேப்பைக் கையில் கொடுத்து, வெளியே பூட்டிவிட்டு ஷிப்டுக்குப் போவாள். வேறு வழியிருந்தால் எந்தத் தாய் பூட்டுவாள்? மத்தியானம் செங்கமலம் தன்னிடமுள்ள சாவியால் திறந்து சோறு ஊட்டுவாள்.

அன்று வாலாஜாபாத்தில் சொந்தத்தில் ஒரு சாவு.

"சோத்து நேரத்துக்குள்ள வந்துருவிய இல்லாக்கா?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

"வந்துர்றேன்மா. நீ நிம்மதியா வேலைக்குப் போ."

பிணம் எடுக்கத் தாமதமானது. பஸ்ஸும் காலை வாரிவிட்டது. அவள் தெருமுனைக்கு வந்தபோது உச்சி தாண்டியிருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. அப்போது அவள் கூப்பிட்டாள். அதாவது, அவள் குரல் கூப்பிட்டது.

"யாராச்சும் வாங்களேன்."

அதே இழுப்பு. சற்று விட்டு மறுபடியும். குரல் உயரவில்லை, தழுதழுக்கவில்லை, தொண்டை வறளவில்லை. உயிருள்ளவர்கள் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. செங்கமலம் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். சாவு வீட்டிலிருந்து குளிக்காமல் வந்துவிட்டோம், ஏதோ கூடவே வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். நான் அங்கே கூப்பிடுகிறேன் என்றால் இங்கே நிற்பது யார்? பெட்டிக்கடைக்காரர் கன்னியப்பன் நிதானமாகச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் டிவி ஓடியது. ஒருவரும் தலை நிமிரவில்லை. தனக்கு மட்டும்தான் கேட்கிறதா?

"யாராச்சும் வாங்களேன்."

பூஜா என்று உறைத்ததும் ஓடினாள். அவசரத்தில் சாவி பூட்டுக்குள் நுழையவே மாட்டேன் என்றது.

உள்ளே ஷீட் கூரையின் அனல் முகத்தில் அறைந்தது. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அதனடியில் கால் மாட்டிக்கொண்டு, உதடு வெடித்து, கண் செருகி, பூஜா. தரையில் கிடந்த டேப்பின் மேல் ஒரு விரல் மட்டும் அசைந்தது. அவளைத் தூக்கி மடியில் போட்ட பிறகும் அந்த விரல் வெறும் காற்றை அழுத்திக்கொண்டே இருந்தது.

செங்கமலம் கத்தினாள். இந்த முறை தன் வாயால், அடிவயிற்றிலிருந்து. யாராச்சும் வாங்களேன், யாராச்சும் வாங்களேன்.

யாரும் வரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் வந்து நின்ற பிறகுதான் கன்னியப்பன் பதறி எழுந்தார், ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறிய பிறகு பூஜா கண் திறந்தாள். பிழைத்துவிட்டாள். மாரிசெல்வி யூனிஃபார்மோடு ஓடிவந்து பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

வராண்டாவில் செங்கமலம் கன்னியப்பனிடம் கேட்டாள்.

"எவ்ளோ நேரமாண்ணா கேட்டுகினு இருந்துச்சு?"

"காலைலருந்தே கேட்டுதுமா."

"அப்புறம் இன்னா, வந்து பாக்கல?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை; பொய் சொல்ல வராது, அவ்வளவுதான்.

"அந்தப் பொண்ணுன்னு தெர்லமா. நீ கூப்டறன்னு நெனச்சிக்கினேன்."

அந்தத் தெரு ஆட்களில் செங்கமலம் வாயடைத்து நின்றதை முதல்முறையாகப் பார்த்தவர் கன்னியப்பன்தான். டேப்பில் வேறு குரல் வைக்கலாமா என்று பிரவீனா தயங்கித் தயங்கிக் கேட்டபோதும், "யார் கூப்ட்டா வருவாங்களோ, அவங்க குரலா பாத்து வைங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து, தனியாகப் படுக்கும் செங்கமலம் இரவிலும் தன் வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுவதில்லை.