சுவரில் ஒட்டிய மெரூன் பொட்டு

போன வாரம் வகுப்பில் ஒரு பெண் சார்ட் பேப்பர் நிறைய வண்ண வட்ட ஸ்டிக்கர்களாக ஒட்டிக் கொண்டுவந்து நீட்டினாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் நான் திட்ட மேலாண்மை நடத்துகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பு; பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். எந்த வேலை முதலில், எது அதற்குப் பின்னால், எது தாமதமானால் எல்லாமே தாமதமாகும், எதற்கு யார் பொறுப்பு. பாடத்தின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் பரீட்சைக்காக ஊற்றிய தண்ணீர். அந்தப் பெண் ஒரு ஸ்டிக்கரை நகத்தால் பெயர்த்து வேறு கட்டத்தில் ஒட்டினாள். பசை வாசனை லேசாக வந்தது. எனக்கு உடனே வயிறு எரிந்தது. அல்சர் எல்லாம் இல்லை. தேன்மொழி ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

தேன்மொழியை உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீங்களும் அவள் பக்கம்தான் பேசியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். தா.பழூர்க்காரி. இரண்டாயிரம் பிறந்த புதிதில், பெரம்பலூரைத் தாண்டி ஹைவேயை ஒட்டி முளைத்த ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் என்னோடு படித்தாள். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். ஈரத்துணியும் தேங்காய் எண்ணெயும் மணக்கிற அந்த அறையில் அவள் இடம் மட்டும் கடையில் அடுக்கி வைத்தது போல இருக்கும். முடி முட்டியைத் தொடும். சரி, முடிக்கு அவள் என்ன செய்வாள், அதை விட்டுவிடலாம். ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் நாங்கள் எல்லோரும் பேய் பிடித்தது போலப் படித்துக்கொண்டிருக்கும்போது, தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவாள் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

கடைசி வருஷம் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து புராஜெக்ட் செய்ய வேண்டும். நான், தேன்மொழி, டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற மும்தாஜ். வயற்கொல்லையில் த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் தானே மோட்டாரைப் போட்டு, போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் தானே நிறுத்துகிற ஒரு கருவி. யோசனை என்னுடையது. ஜெயங்கொண்டம் பக்கத்தில் எங்கள் கொல்லையில் அப்பா கரண்டுக்காக மோட்டார் கொட்டகையிலேயே படுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனை. ஆனால் எங்கள் புராஜெக்ட் சார் லீடராக யாரைப் போட்டார் என்று நினைக்கிறீர்கள்? இன்றைக்குச் சொன்னாலும் எனக்குக் காது சூடாகிறது.

லீடர் பதவி வெறும் பெருமைக்காக இல்லை. திருச்சியில் ஒரு கம்பெனிக்கு எங்கள் டிபார்ட்மெண்டிலிருந்து ஒரே ஒரு பெயரைச் சார் எழுதி அனுப்புவார். அநேகமாக ஒரு லீடரின் பெயராகத்தான் இருக்கும். அந்தப் பெயருக்கு வேலை நிச்சயம். எனக்கோ வீட்டில் கெடு வைத்தாயிற்று. தீபாவளிக்குப் போயிருந்தபோதே அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "பரீட்சை முடியறதுக்குள்ள வேலைன்னு ஒண்ணு கெடச்சா சரி. இல்லன்னா மீன்சுருட்டி மாமன் வூட்டுல நாள் குறிச்சிருவாங்க. அப்பறம் எங்கிட்ட வந்து அழுவக் கூடாது." தேன்மொழிக்கு அப்படி யாரும் கெடு வைக்கவில்லை. அதற்கும் சேர்த்துதான் எரிந்தது.

லீடரானதும் அவள் செய்த முதல் காரியம், உரக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரைத் திருப்பி எங்கள் அறைச் சுவரில் ஒட்டியது. வெள்ளைப் பக்கத்தில் வேலைகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் எங்கள் பெயர்கள். வரிக்கு வரி ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் பொட்டு. பொட்டு இல்லாத வேலைக்கு இன்னும் நேரம் வரவில்லை. மெரூன் பொட்டு வைத்துவிட்டால் உடனே செய்தாக வேண்டும், அது தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும். முடிந்ததும் மெரூனை எடுத்துவிட்டுப் பச்சை.

"கலர் பேனா வாங்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பேனாவுல எழுதுனா அழிக்க முடியாதுடி. பொட்டுன்னா எடுத்து மாத்தி ஒட்டிக்கலாம்."

பல வருஷம் கழித்து இதே சங்கதியைத் தடியான புத்தகத்தில் படமெல்லாம் போட்டுப் படித்தபோது, இது அவளுக்கு எப்படி அப்போதே தெரிந்தது என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அப்போதெல்லாம் ஒரு பொட்டை நாங்கள் லேசில் விட மாட்டோம். நெற்றியிலிருந்து கண்ணாடிக்குப் போகும், குளித்துவிட்டு வந்ததும் திரும்ப நெற்றிக்கு வரும். பசை தீர்கிறவரை அதற்கு ஓய்வு கிடையாது. பாத்ரூம் கதவு, ஜன்னல் கம்பி, பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பி, எல்லா இடத்திலும் யாரோ ஒருத்தியின் பொட்டு இருக்கும். ஆகவே சுவரில் பொட்டு இருந்தது யாருக்கும் புதுமையாகப் படவில்லை. சாயங்காலம் வந்து என் வரியில் மெரூன் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் நிம்மதியாகப் படுத்துக்கொள்வேன். மூளையைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவாச்சூர் பக்கம் ஒருவர் தன் சோளக்கொல்லை மோட்டாரில் கருவியைப் பொருத்திப் பார்க்கச் சம்மதித்தார். சார் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கருவியை ஒயர் கூடையில் வைத்து, குழந்தையைப் போல மடியில் ஏந்திக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். சார் ஸ்கூட்டரில் முன்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். கொல்லைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த வாரம் ராத்திரி மொறையாச்சேம்மா. பகல்ல த்ரீ பேஸ் வராதே."

ஒரு வாரம் பகலில் கரண்ட் விட்டால் மறுவாரம் ராத்திரியில் விடுவார்கள். எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்த விஷயம்தான். இந்த வாரம் எது என்று ஈ.பி. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

"மொறை என்னன்னு கேக்குறது யாரு வேலை?" என்றார் சார்.

என் வேலை. காலண்டரில் என் பெயருக்கு நேரே எழுதியிருந்தது. எனக்கு மீன்சுருட்டிப் பந்தக்காலே கண்ணில் தெரிந்தது. என் வரியில் பொட்டே இல்லையே சார் என்று ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது? தேன்மொழியைத் திரும்பிப் பார்த்தேன். எப்போதும் கடுகளவு கறுப்புப் பொட்டு வைக்கிறவள். வெயிலில் அவள் நெற்றியில் பளிச்சென்று மெரூன் பொட்டு இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அவள் கையும் நெற்றிக்குப் போனது.

"எந் தப்பு சார்," என்றாள். "வெள்ளிக்கெழம கோயிலுக்குக் கெளம்பறப்ப அட்டையில பொட்டு தீந்து போச்சு. பஸ் போயிருமேன்னு செவுத்துல இருந்து ஒண்ண எடுத்து வச்சுக்கிட்டேன். அது அவ வரியில அன்னிக்குக் காலையிலதான் ஒட்டுனது சார். அதான் அவளுக்குத் தெரியல."

மும்தாஜ் சும்மா இருக்கவில்லை. "நல்லவேளை சார், நான் பொட்டே வக்கிறதில்ல. இல்லன்னா எந் தலையில கட்டிருப்பாளுவ."

சார் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? எனக்கு அந்த நேரத்தில் நெஞ்சு ஜில்லென்று இருந்தது. இத்தனை நாள் காத்திருந்தேன், ஒரு தடவையாவது சறுக்கினாளே என்று. இனிச் சார் என் பெயரைத்தான் எழுதுவார் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு அவள் அடுத்து வாயைத் திறக்கிறவரைதான் நின்றது.

"வேலை நிக்கல சார், வரிசைதான் மாறுது," என்றாள். "தண்ணி வத்துறதக் கண்டுபிடிக்குதான்னு இன்னிக்கு வாளியில வச்சே பாத்துர்றோம். மோட்டார அடுத்த வாரம் பகல் மொறையில பாத்துக்கலாம். ரிப்போர்ட்ட முன்னால எழுத ஆரம்பிச்சிர்றோம். கடைசித் தேதி மாறாது." அப்படியே செய்தோம். வாளியில் தண்ணீர் குறைந்ததும் கருவியின் சுவிட்ச் டக்கென்று அணைந்தது. சார் முகத்தைப் பார்த்தேன், யார் பெயரை எழுதப் போகிறார் என்று அதிலேயே எழுதியிருந்தது. நான் ஒரு தப்பும் செய்யாமல் ஓரமாக நிற்கிறேன், அவள் தப்பு செய்துவிட்டுப் பேர் வாங்குகிறாள். இதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் போய்ச் சொல்ல?

அவள் பெயரைத்தான் எழுதினார். பரீட்சை முடிந்த அன்று அப்பா என்னை அழைத்துப்போக வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மீன்சுருட்டியிலிருந்து நாள் குறிக்க வருகிறார்கள். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் என் பொட்டு அட்டையும் காலி. தேன்மொழி தன் நெற்றியிலிருந்த மெரூன் பொட்டைப் பெயர்த்து என் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

"செவுத்துல பச்ச நெறைய கெடக்குதே, அத வையேன்," என்றேன் வெடுக்கென்று.

"அது முடிஞ்ச வேலைக்குடி. நீ இன்னும் முடியல."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. வேலையை வாங்கிக்கொண்டு பொட்டைக் கொடுக்கிறாள். பஸ் அரியலூரைத் தாண்டி, சிமெண்ட் லாரிகள் கிளப்புகிற புழுதியில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, அந்தப் பொட்டைப் பிய்த்து முன்சீட்டுக் கம்பியில் ஒட்டினேன். அங்கே ஏற்கெனவே நாலைந்து பொட்டுகள் இருந்தன.

"ஏம்மா நெத்தி வெறிச்சுன்னு கெடக்குது?" என்றார் அப்பா.

"வேர்வையில விழுந்துருச்சுப்பா."

தையில் கல்யாணம் ஆனது. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, தேடித்தான் பார்த்தேன். மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்ட வருஷம் நான் மேலே படிக்கக் கிளம்பினேன். அப்ளிகேஷன் வாங்க வரிசையில் நின்றபோது கை தானாக நெற்றிக்குப் போனது. அவள் சொன்னதற்காகப் படிக்கவில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேன்மொழி எங்கோ வெளிநாட்டில் பெரிய பொறுப்பில் இருப்பதாக மும்தாஜ் சொன்னாள். நம்பர் தருகிறேன் என்றாள். அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பிறகு மும்தாஜின் நம்பரும் மாறிவிட்டது. நாங்கள் படித்த கல்லூரியை ஆள் சேராமல் மூடிவிட்டார்கள். ஹாஸ்டலில் மக்காச்சோள மூட்டை அடுக்கியிருக்கிறார்களாம். பொறாமைப்பட இப்போதும் எனக்குத் தெம்பு இருக்கிறது, பக்கத்துக் கட்டில்தான் காலியாக இருக்கிறது.

சார்ட்டைக் கொண்டுவந்த பெண்ணிடம் முடிந்த வேலைக்கு என்ன நிறம் என்று கேட்டேன். பச்சை என்றாள். முடியாததற்குச் சிவப்பாம்.

"மெரூன் இல்லையா?"

"அந்தக் கலர்ல விக்கிறதில்ல மேடம்," என்றாள். அவள் நெற்றியில் பொட்டே இல்லை.

முந்தாநாள் ஊருக்குப் போகும்போது, அரியலூர் தாண்டியதும் முன்சீட்டுக் கம்பியைக் கடைசிவரை தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.